ஆறாத நினைவு

பட்டாசுச் சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரு கணம் திடுக்கிடுகிறார்கள். அடுத்த கணம் யார் வெடித்தது என்று திரும்பிப் பார்த்துவிட்டு விட்ட பேச்சைத் தொடர்கிறார்கள். ஆனால் ஷெல் விழுந்த ஊரிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் தப்பி வந்த ஒருவர், அதே சத்தத்துக்குச் சுவரோரம் ஒண்டிக்கொள்கிறார். உள்ளங்கை வியர்க்கிறது, கால் மணி நேரத்துக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்குவதில்லை. அது பட்டாசு என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் ‘பட்டாசுதான்’ என்றே சொல்வார். அறிவுக்குத் தெரிந்த செய்தி உடலுக்கு மட்டும் ஏன் போய்ச் சேரவில்லை?

இதோடு ஒட்டி இன்னொரு புதிரும் உண்டு. அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள் என்றால் அதே மனிதர் தடுமாறுகிறார். எது முன்னே, எது பின்னே என்பது குழம்புகிறது. சில கணங்கள் முற்றிலும் இல்லை. சில கணங்களோ கண்ணில் குத்துகிற மாதிரி தெளிவாக நிற்கின்றன: யாரோ ஒருவரின் செருப்பு, டீசல் வாடை, ஒரு நாயின் குரல். அளவுக்கு மீறி நினைவிருப்பதும் அறவே நினைவில்லாததும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியே.

தமிழில் கஞ்சி ஆறும், புண் ஆறும், மனமும் ஆறும். சூடு தணிவதற்கும் காயம் மூடுவதற்கும் துயரம் அடங்குவதற்கும் ஒரே வினைச்சொல். உளவியலாளர்கள் அதிர்ச்சி நினைவைச் ‘சூடான நினைவு’, ‘குளிர்ந்த நினைவு’ என்று இரண்டாகப் பிரித்துப் பேசத் தொடங்கியது சில பத்தாண்டுகளுக்கு முன்புதான். இந்த அத்தியாயம் தமிழ் வினையையே பிடித்துக்கொண்டு அவற்றைச் சுடுநினைவு, ஆறிய நினைவு என்று அழைக்கிறது. பேரதிர்ச்சி மனத்தில் விட்டுச்செல்லும் காயத்துக்கு மனவடு என்ற சொல் ஏற்கனவே வழக்கில் இருக்கிறது.

கை குலுக்க மறுத்த பெண்

இரண்டு நினைவுகளும் தனித்தனியானவை என்பதற்கு ஒரு பழைய சான்று ஜெனீவாவிலிருந்து வருகிறது. எட்வார் கிளாபரேட் என்ற மருத்துவர் 1911இல் அதை எழுதினார். அவருடைய நோயாளியான ஒரு பெண்ணுக்கு மூளைப் பாதிப்பால் புதிய செய்தி எதுவும் மனத்தில் தங்குவதில்லை. தினமும் பார்க்கும் மருத்துவரிடம் தினமும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஒருநாள் கிளாபரேட் விரல்களுக்கிடையே குண்டூசியை மறைத்துவைத்துக்கொண்டு கை குலுக்கினார். குத்தியது. சிறிது நேரத்தில் அந்தப் பெண் அதை மறந்துபோனார். பிறகு மருத்துவர் மீண்டும் கையை நீட்டியபோது சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், குத்துப்பட்டதாக அவருக்கு நினைவே இல்லை. கையில் ஊசி ஒளிந்திருக்கக்கூடும் அல்லவா என்ற மாதிரி ஏதோ சொன்னார். இன்றைக்கு எந்த மருத்துவமனையின் அறநெறிக் குழுவும் இப்படியொரு சோதனைக்குக் கையெழுத்துப் போடாது. ஆனாலும் அந்த ஊசி ஓர் உண்மையைக் காட்டியது. நடந்ததைக் கதையாகச் சொல்லும் நினைவு போன பிறகும், ஆபத்தை உடலுக்குச் சொல்லும் நினைவு பிழைத்திருக்கிறது.

கிளாபரேட்டின் நோயாளிக்கு இருந்தது நோயால் வந்த பிளவு. பேரதிர்ச்சி அதே பிளவைச் சிறிய அளவில், நலமான மூளையிலும் உண்டாக்கிவிடுகிறது.

காவல்காரனும் கணக்குப்பிள்ளையும்

மூளைக்குள், இரு பக்கப் பொட்டுகளுக்கும் நேர் உள்ளே, வாதுமைப் பருப்பு அளவில் ஒவ்வொரு முடிச்சு இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. அதை ஒட்டி, வளைந்த கடற்குதிரை வடிவில் ஹிப்போகேம்பஸ். முதலாவது காவல்காரன், இரண்டாவது கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். உவமை கொஞ்சம் கரடுமுரடானதுதான். மூளையில் எந்த வேலையும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. இருந்தாலும் இங்கே அது போதும்.

கணக்குப்பிள்ளையின் வேலை பதிவு: எந்த நாள், எந்த இடம், யார் இருந்தார்கள், எதற்குப் பின் எது. காவல்காரனுக்குத் தேதியும் கிழமையும் தேவையில்லை. ‘இந்தச் சத்தம் வந்தால் ஓடு’ என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஜோசப் லெடூ என்ற அமெரிக்க ஆய்வாளர், காதிலிருந்து வரும் செய்தி மூளையின் மேலடுக்குகளில் அலசப்படுவதற்கு முன்பே குறுக்கு வழியில் அமிக்டலாவை எட்டிவிட முடியும் என்பதை எலிகளில் காட்டினார். பாம்பா கயிறா என்று பார்த்து முடிப்பதற்குள் கால் பின்வாங்கிவிடுவது அதனால்தான். பிழைத்திருக்கும் உயிர்கள் எல்லாம் முதலில் துள்ளிவிட்டுப் பிறகு யோசித்த உயிர்களின் வாரிசுகள்.

உயிருக்கே ஆபத்து என்ற கணத்தில் அட்ரினலின் பெருகி இதயத்தை விரட்டுகிறது. இரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது. காவல்காரன் முழு விழிப்பில் கண்டதையெல்லாம் ஆபத்தின் அடையாளமாகக் குறித்துக்கொள்கிறான். அந்த நேரத்து வாடை, வெளிச்சம், எதிரே நின்றவரின் சட்டை நிறம் எல்லாமே அதில் சேரும். கணக்குப்பிள்ளையோ அந்த அமளியில் எழுத்தைத் தவறவிடுகிறார். விளைவு, புலன்கள் நிறைந்த, தேதி இல்லாத ஒரு பதிவு. தேதி இல்லாததால் அது பழையதாவதில்லை. பின்னாளில் அதே வாடை மூக்கில் பட்டால், ‘அன்று அப்படி நடந்தது’ என்ற எண்ணம் வருவதற்குப் பதிலாக ‘இப்போது நடக்கிறது’ என்று உடல் எழுந்துவிடுகிறது. இதுவே சுடுநினைவு.

பெயர் தேடிய நோய்

1865 ஜூன் 9 அன்று இங்கிலாந்தின் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே ஒரு ரயில் பாலத்தில் தடம் புரண்டது. பத்துப் பேர் இறந்தார்கள். அந்த ரயிலில் இருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கு அடி எதுவும் இல்லை. காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவிவிட்டுத்தான் வீடு திரும்பினார். ஆனால் அதன் பிறகு ரயிலில் ஏறினாலே நடுக்கம் பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட ரயில் விபத்து நோயாளிகளைப் பற்றி 1866இல் எழுதிய லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன், முதுகுத்தண்டு குலுங்கியதே காரணம் என்று கருதினார். முதல் உலகப் போரில் அதே நடுக்கத்துக்கு ‘ஷெல் ஷாக்’ என்று பெயர்; சார்ல்ஸ் மையர்ஸ் 1915இல் அச்சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். குண்டு வெடித்த இடத்துக்கு அருகிலேயே இல்லாத வீரர்களுக்கும் அது வந்தபோது, ‘கோழை’ என்ற பட்டம்தான் பலருக்குக் கிடைத்தது.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பி.டி.எஸ்.டி. என்று இன்று செய்தித்தாள்கள் எழுதும் அதன் பெயரைத் தமிழில் ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு’ எனலாம். நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் கண்முன் வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எண்ணம் இருண்டுபோவது, எப்போதும் உஷாராக இருந்து தூக்கம் கெடுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் அந்தப் பெயர் பொருந்தும்.

பெரும்பாலானோர் தாமாகவே ஆறுகிறார்கள்

‘ஒரு மாதம்’ என்ற நிபந்தனை ஏன்? முதல் வாரங்களில் நடுங்குவது நோயே அல்ல என்பதால். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களை பார்பரா ராத்பாம், எட்னா ஃபோவா குழுவினர் வாரக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நிகழ்ந்து இரண்டு வாரத்துக்குள் அவர்களில் 94 சதவீதத்தினரிடம் மேற்சொன்ன அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 சதவீதம். இது மிகக் கொடிய அதிர்ச்சிகளில் ஒன்று. அதிலேயே மூன்று மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் கோளாறின் எல்லைக்கு வெளியே இருந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், மனிதர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு பேரதிர்ச்சியையாவது சந்திக்கிறார்கள். கோளாறாக முற்றுவது ஏறக்குறைய 4 சதவீதத்தினருக்கு.

நூற்றில் அந்த நால்வர் மனவலிமை குறைந்தவர்கள் என்று நினைப்பது தவறு. யாருக்கு ஆறுகிறது, யாருக்கு ஆறவில்லை என்று ஒப்பிட்ட ஆய்வுகளில், அதிர்ச்சிக்குப் பின் அவரைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பது முன்வரிசைக் காரணங்களில் ஒன்றாக வருகிறது. சாய ஒரு தோள், நம்பும் ஒரு காது, பழி சொல்லாத ஒரு வீடு கிடைத்தவர்களுக்கு நினைவு ஆறும் வாய்ப்பு அதிகம்.

‘மறந்துவிடு’, ‘இப்போதே சொல்லிவிடு’

வீடுகளில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ‘அதை மறந்துவிடு’ என்பதே. அன்பினால் சொல்வதுதான். ஆனால் நினையாதே என்று கட்டளையிட்டால் மனம் அதையே சுற்றும். தவிர்ப்பதில் வேறொரு தீமையும் இருக்கிறது. ஆழிப்பேரலைக்குத் தப்பிய பிறகு கடற்கரைப் பக்கமே போகாதவருக்கு, கடற்கரை இன்று பாதுகாப்பானது என்று காவல்காரனுக்குக் காட்ட வாய்ப்பே அமைவதில்லை.

இதற்கு நேர் எதிரான தவற்றைச் செய்தவர்கள் நிபுணர்கள். 1983இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஒரு முறையை வகுத்தார். விபத்து நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததையும் உணர்ந்ததையும் கொட்டச்செய்வது. பாதிக்கப்பட்ட எவருக்கும் இது பொருந்தும் என்று பிறகு உலகெங்கும் பரவியது. கார்டிஃப் நகரில் தீக்காயம் பட்டவர்களிடம் இதே பாணியில், தனியாகவோ துணையுடனோ, ஒரே ஓர் அமர்வு நடத்திப் பார்த்தார்கள். 1997இல் வெளிவந்த முடிவில், பதின்மூன்று மாதம் கழித்து, அமர்வு கிடைத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கும் கிடைக்காதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் கோளாறு இருந்தது. முதல் குழுவினரின் தீக்காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையானது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆயினும் இத்தகைய பல சோதனைகளைத் தொகுத்த 2002ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, ஒற்றை அமர்வுக் கொட்டலால் தடுப்புப் பயன் இல்லை, கட்டாயமாக்குவதை நிறுத்த வேண்டும் என்றே முடித்தது.

ஆக, பேசாமல் விட்டாலும் ஆறுவதில்லை; பேசச்சொல்லி வற்புறுத்தினாலும் கெடுகிறது. அப்படியானால் பேச்சு எப்போது மருந்தாகிறது?

கயிறு, பூ, கல்

விடையை நெருங்கிப் பார்க்க இலங்கையின் வடகிழக்குக்குப் போக வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். காலையில் வந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வடகிழக்குப் பிள்ளைகளுக்கு அது முதல் அதிர்ச்சி அல்ல. இருபது ஆண்டுப் போரின் இடப்பெயர்வும் ஷெல்லும் ஏற்கனவே அவர்களுக்குள் இருந்தன. அலை வந்த சில வாரங்களிலேயே, ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகக் குழுவும் அவர்கள் பயிற்றுவித்த உள்ளூர் உளவள ஆலோசகர்களும் ஓர் அகதி முகாமில் 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்தார்கள். வயது எட்டிலிருந்து பதினான்கு வரை. பாதிப் பேருக்கு ‘எடுத்துரைச் சிகிச்சை’; மீதிப் பேருக்குத் தியானமும் உடல் தளர்த்தலும். இரு தரப்புக்கும் ஆறு அமர்வுகள்.

எடுத்துரைச் சிகிச்சை நடக்கும் விதத்தைப் பார்க்க, விளக்கத்துக்காக மட்டும் ஒரு சிறுவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது பதினொன்று. முகாமுக்குத் தண்ணீர் பவுசர் வந்து தொட்டியில் இரைச்சலோடு ஊற்றத் தொடங்கினால் எழுந்து ஓடிவிடுகிறான். இரவில் செருப்போடு படுக்கிறான். அலையில் போன அம்மம்மாவைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசினால் தங்கச்சிக்கு அடி விழும்.

முதல் அமர்வில் ஆலோசகர் தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுகிறார். ஒரு முனை அவன் பிறந்த நாள். மறுமுனை சுருட்டியே இருக்கிறது. அது இனி வரப்போகும் காலம். நல்ல நிகழ்ச்சிகளுக்குப் பூ, கெட்டவற்றுக்குக் கல், பெரிதுக்குப் பெரிய கல். பையன் பூ வைக்கிறான்: பசு கன்று போட்டது, மாமா சைக்கிள் பழக்கியது. கல் வைக்கிறான்: இடம்பெயர்ந்து காட்டுக்குள் தங்கியது, அப்பாவுக்குக் காலில் ஷெல் துண்டு பட்டது, அலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போதும், உள்ளே இறங்குவதில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவன் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்துவிடுகிறான். அலை என்பது கயிற்றில் ஓர் இடத்தில் இருக்கிறது. அதற்கு முன்னும் கயிறு இருக்கிறது, பின்னும் இருக்கிறது.

அடுத்த அமர்வுகளில் பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். ஆலோசகர் எழுதிக்கொள்கிறார், அடுத்த முறை வாசித்துக் காட்ட, அவன் திருத்துகிறான். கல் வரும் இடத்தில் மட்டும் பேச்சின் வேகம் குறைகிறது.

“அலை வந்த நேரம் நீ எங்க நிண்டனி, தம்பி?”

“வாடியடியிலை, சேர். மாமா கத்தினவர், கடல் வருது எண்டு.”

“என்ன கேட்டுது?”

“இரைச்சல். பவுசர் மாதிரி.” கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொள்கிறான்.

“இப்ப கை எப்பிடி இருக்கு?”

“குளிருது.”

“அண்டைக்கும் குளிர்ந்ததோ?”

“ஓம். தண்ணிக்குள்ளை.”

“இண்டைக்கு நாங்க எங்க இருக்கிறம்?”

பையன் சுற்றிப் பார்க்கிறான். “கொட்டிலுக்குள்ளை. முகாமிலை.”

சிகிச்சையின் சூட்சுமம் இந்தச் சின்ன உரையாடலில் இருக்கிறது. ஆலோசகர் அவனை அலைக்குள் தனியே அனுப்பவில்லை. ஒரு கால் அன்றைய கரையிலும் ஒரு கால் இன்றைய கொட்டிலிலும் இருக்கும்படி நிறுத்திவைக்கிறார். வாடை, சத்தம், குளிர் என்று சிதறிக்கிடப்பவை ஒவ்வொன்றும் ‘அன்று’, ‘அங்கே’ என்ற முளையில் கட்டப்படுகின்றன. காவல்காரனின் குறிப்புகளைக் கணக்குப்பிள்ளை இப்போதுதான் பேரேட்டில் எழுதுகிறார்.

நடுவில் பையன், அம்மம்மாவின் கையைத் தான் விட்டுவிட்டதாகச் சொல்கிறான். ‘அது உன் பிழை இல்லை’ என்று ஆலோசகர் முந்திக்கொள்வதில்லை. கையைப் பிடித்திருந்தது எந்த இடத்தில், அதற்கடுத்து என்ன தெரிந்தது என்று மட்டும் கேட்கிறார். மெல்லச் சொல்லிப் பார்த்தபோது, விட்டதாக ஒரு கணமே அவனிடம் இல்லை. பிடித்திருந்த கை, பிறகு தண்ணீர், பிறகு ஒரு பனைமரம். ‘நான் விட்டன்’ என்பது அவன் பிற்பாடு அந்த இடைவெளியில் எழுதி வைத்த வரி. பயம் உச்சத்தில் இருக்கும்போது அமர்வை முடிப்பதில்லை என்பதும் விதி. பனையிலிருந்து இறங்கி, கோயில் படியில் யாரோ தேத்தண்ணி கொடுத்தது வரை கதை போகிறது. அதுவரைக்கும், மூச்சு சீராகும் வரைக்கும், ஆலோசகர் எழுந்திருப்பதில்லை. ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரம் நீள்வது அதனால்தான்.

கடைசி அமர்வில் முழுக் கதையும் வாசிக்கப்படுகிறது. எழுதிய தாள்கள் பையனுக்கே. சுருட்டிய கயிற்றின் மேல் வைக்க அவனுக்கு இன்னும் சில பூக்கள் தரப்படுகின்றன.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, எடுத்துரைச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் 81 சதவீதத்தினர் கோளாற்றிலிருந்து மீண்டிருந்தார்கள். தியானமும் தளர்த்தலும் பெற்றவர்களில் 71 சதவீதம். 31 பேரில் இந்த வித்தியாசம் ஓரிரு பிள்ளைகளின் கணக்குதான். எனவே இரண்டும் ஏறக்குறைய சமமாகவே பயன்பட்டன என்று கொள்ள வேண்டும். சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு ஒன்று ஒப்பீட்டுக்கு இல்லாததால், எத்தனை பிள்ளைகள் தாமாகவே ஆறியிருப்பார்கள் என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை இந்த ஆய்வு ஐயமறக் காட்டியது. மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த ஒரு பகுதியில், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், பிள்ளைகளின் சொந்தப் பேச்சுவழக்கில், முகாமுக்குள்ளேயே இதைச் செய்ய முடிந்தது.

அழிவதில்லை, பக்கத்தில் எழுதப்படுகிறது

மணியோசை கேட்டதும் எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாய்களைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். பாடப்புத்தகம் அதிகம் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. மணியை அடித்து உணவு தராமலே விட்டால் எச்சில் ஊறுவது படிப்படியாக நிற்கும். நாய் மறந்துவிட்டதா? இல்லை. சில நாள் இடைவெளி விட்டு அடித்தால் எச்சில் திரும்ப ஊறுகிறது. பழைய பாடம் அழியவில்லை. ‘மணி அடித்தாலும் சோறு வராது’ என்ற புதிய பாடம் அதன் மேல் அமர்ந்திருந்தது, அவ்வளவுதான். பயமும் இப்படியே படிப்படியாகத் தணிகிறது; அதைப் ‘பயத்தணிவு’ எனலாம்.

ஒற்றை அமர்வு ஏன் தோற்றது என்பதற்கு ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கமும் இதுவே. கொதிக்கும் நேரத்தில் மூடியைத் திறந்து, தணியும் முன் மூடிவிட்டால், ‘நினைத்தாலே உயிர் போகிறது’ என்ற பாடம்தான் இன்னொரு முறை பதிகிறது. தணியும்வரை உடனிருப்பதும் பலமுறை செய்வதும் புதிய பாடத்தை எழுதுகின்றன. புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. கொட்டிலில் தணிந்த பயம் பவுசரடியில் தலைதூக்கும். ஆகவே சிகிச்சையாளர்கள் பவுசரடிக்கும், பிறகு கரைக்கும் கூடவே நடந்து போகிறார்கள்.

எட்னா ஃபோவாவின் ‘நீடித்த எதிர்கொள்ளல்’, பாதிக்கப்பட்டவரின் தவறான பழியுணர்வைக் கேள்வி கேட்டுத் திருத்தும் பட்ரிசியா ரெசிக்கின் முறை ஆகியவை வெவ்வேறு பெயரில் இதே பாதையில் வருபவை. பிரான்சைன் ஷபீரோ 1980களின் இறுதியில் வகுத்த முறையில், நினைவை மனத்தில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் இடவலமாகத் தொடர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகளில் இதுவும் உண்டு. பயன் இருப்பது பல சோதனைகளில் தெரிகிறது. கண்ணசைவுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை ஓயவில்லை.

உடல் வழியாக

தியானக் குழுவின் 71 சதவீதத்துக்கு விளக்கம் வேண்டுமே. இதயத்தின் ஓட்டத்தை எண்ணத்தால் நேரே குறைக்க முடியாது, மூச்சால் முடியும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு இதைச் செய்கிறது. உள்மூச்சை விட வெளிமூச்சை நீளமாக்கினால் படபடப்புச் சிறிது அடங்குவது அதனால்தான். உடலின் தவிப்பு எல்லை மீறாது என்று கண்டுகொண்டவருக்கு நினைவை நெருங்கும் துணிவும் வருகிறது. பெசல் வான் டெர் கோல்க் குழு 2014இல் வெளியிட்ட சோதனையில், பத்து வாரம் யோகா செய்த பெண்களில் 52 சதவீதத்தினர் கோளாற்றின் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள்; உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதத்தினர். அறுபத்து நான்கு பேர் கொண்ட சிறிய சோதனை இது.

‘முழுமைச் சிகிச்சை’ என்ற சொல் இன்று எண்ணெய்க் குளியல் விளம்பரம் வரை இழுபடுகிறது. அதற்கு ஒரு கறாரான பொருள் இருக்க வேண்டுமானால், நினைவு, உடல், உறவு, பிழைப்பு நான்கையும் ஒருசேரக் கவனிப்பது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடித் தியானம் செய்யச் சொன்னால் பதற்றம் கூடுபவர்களும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து, சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லி எண்ணுவது, கேட்கும் ஒலிகளைப் பிரித்தறிவது, தரையில் பாதத்தை அழுத்துவது நல்லது. ‘இண்டைக்கு நாங்க எங்க இருக்கிறம்’ என்று ஆலோசகர் கேட்டதும் இதே வேலைதான்.

கூரையும் கிரியையும்

பேரழிவுகளில் மனநல உதவி எப்படி அமைய வேண்டும் என்று உலக நிவாரண அமைப்புகள் 2007இல் கூட்டாக வகுத்த வழிகாட்டியில் ஒரு கோபுரப் படம் இருக்கிறது. அகன்ற அடித்தளத்தில் உணவு, தண்ணீர், கூரை, பாதுகாப்பு. அதன் மேல் குடும்பமும் ஊரும். அதற்கும் மேல் பயிற்சி பெற்ற உதவியாளர்கள். உச்சியின் சிறு முனையில்தான் நிபுணர்கள். சுனாமிக்குப் பின் கூரையில்லாத முகாம்களில் ஆலோசகர்கள் மட்டும் வந்து குவிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை ஏன் என்று புரியும்.

இரண்டாவது அடுக்கை நிபுணர்கள் நெடுநாள் குறைத்தே மதிப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் நெடுகப் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமின்றி ஊரையும் குடும்பத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தே உடைப்பதால், அதைக் கூட்டு மனவடு என்று பார்க்க வேண்டும் என வாதிட்டார். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கு உறவு முழுதும் கூடுவது, ஒப்பாரியில் இறந்தவரின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து சொல்லி அழுவது இரண்டும், நினைவுக்குத் தேதியும் வரிசையும் தருகிற ஏற்பாடுகளே. உடல் கிடைக்காதவர்களின் வீட்டில் அந்தக் கிரியை நின்றுவிடுகிறது. துயரமும் அங்கேயே நின்றுவிடுகிறது. பவுலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ‘தெளிவில்லாத இழப்பு’ என்று பெயரிட்டார். படத்துக்கு மாலை போடுவதா, திரும்பி வருவார் என்று சோறு எடுத்து வைப்பதா என்ற அந்த இரட்டை நிலை நோயல்ல. அதை அவசரப்படுத்தி முடித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடியதை உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டுக் கையேடு மூன்று வினைகளில் அடக்குகிறது: பார், கேள், இணை. முதலில் ஆபத்து நீங்கியதா, அடிபட்டிருக்கிறதா, யார் தனியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. அவர்கள் பேசினால் கேட்பது. பேசாவிட்டால் தேநீர் கொடுத்து அருகில் இருப்பது. தொலைந்த உறவினர், மருந்து, அடையாள அட்டை, பள்ளிக்கூடம் என்று வேண்டியவற்றோடு இணைத்துவிடுவது. ‘எல்லாம் நல்லதுக்கே’, ‘உன்னைவிட மோசமாக எத்தனை பேர்’ என்ற ஆறுதல்கள் வேண்டாம். அவை கேட்பவரைக் காட்டிலும் சொல்பவரையே அமைதிப்படுத்துகின்றன. பிள்ளைகளுக்கு விளையாட்டும் வழக்கமான தூக்க நேரமும் பள்ளி மணியும் சீக்கிரம் திரும்ப வேண்டும். தூக்கம் வர மது அருந்துவது தூக்கத்தையே உடைக்கும். விபூதி போட்டு மந்திரிக்க அழைத்துப் போக வீட்டார் விரும்பினால் அதில் தடை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டிவைப்பதும் அடிப்பதும் அதில் சேரக் கூடாது, சிகிச்சையை அது தள்ளிப்போடவும் கூடாது.

ஒரு மாதம் கடந்தும் தூக்கமும் வேலையும் படிப்பும் திரும்பவில்லையென்றால் மருத்துவரையோ பயிற்சி பெற்ற ஆலோசகரையோ பார்க்க வேண்டிய நேரம் அது. அதிர்ச்சி நடந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் மேற்சொன்ன சிகிச்சைகள் பயன்படுகின்றன. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இந்த ஒரு மாதக் கணக்கு பொருந்தாது. அன்றைக்கே அழைக்க வேண்டும்.